வன்மத்தின் நீளம்

கொரற்றியின் வாள் அன்றைக்கு ஒரு பனைமர உயரத்துக்கு வளர்ந்தது.

அரங்கத்தில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. நடுவில் கிணறு மாதிரி தோண்டியிருந்த களத்தில், ஒளியால் ஆன இரண்டு இயந்திர அரக்கர்கள் எதிரெதிரே நின்றார்கள். சிவப்பு அரக்கன் கொரற்றியுடையது. தூண்மேல் கட்டியிருந்த கூண்டுக்குள் உட்கார்ந்தபடி அவள் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். அவள் மூச்சு வாங்கினால் அதன் இரும்பு மார்பும் ஏறி இறங்கும். எதிரே நின்ற சாம்பல் நிற அரக்கனின் கையில் வாளின் பிடி மட்டும் இருந்தது. அலகு இல்லை. போன வாரமும் இல்லை, அதற்கு முந்தின வாரமும் இல்லை.

“வெட்டு! வெட்டு!” என்று கூட்டம் கத்தியது.

அவள் முதலில் தோளில் இறக்கினாள். பிறகு முழங்காலில். சாம்பல் அரக்கன் கேடயத்தைக்கூடத் தூக்கவில்லை. இடுப்பில் தொங்கிய மந்திரச் சங்கை ஊதியிருந்தால் அவளைப் பத்தடி பின்னால் தள்ளியிருக்கலாம், அதையும் தொடவில்லை. எதிர்க் கூண்டுக்குள் பலவேசம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரக்கனுக்கு எங்கே வெட்டு விழுகிறதோ அங்கே ஆட்டக்காரனுக்கும் சுரீரென்று வலிக்கும். சட்டம் எவ்வளவு வலியை அனுமதிக்கிறதோ அவ்வளவு. கழுத்தில் வெட்டியபோது அவன் “யம்மா” என்று முனகியது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது.

அரக்கன் சரிந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. கொரற்றிக்கு மட்டும் எதுவும் தீர்ந்த மாதிரி இல்லை.

தூத்துக்குடி புறவழிச்சாலையில் ஒரு பழைய உப்புக் கிடங்கை வளைத்துப் போட்டு அந்த அரங்கத்தைக் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் திருநெல்வேலி, கோவில்பட்டியிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருவார்கள். விளையாட்டின் பெயர் பேருருக்களம். அங்கே யாரும் விளையாட்டுக்காக விளையாடுவதில்லை. வயல் வரப்புக்காகக் கோர்ட்டுக்கு அலைந்த அண்ணன் தம்பிகள், விவாகரத்து வாங்கிய புருஷன் பெண்டாட்டி, ஏமாற்றிய கூட்டாளி, ஏமாந்த கூட்டாளி. தெருவில் வெட்டிக்கொள்வதைவிட இங்கே வெட்டிக்கொள்ளட்டும் என்று அரசாங்கமும் அனுமதி கொடுத்துவிட்டது.

கொரற்றியை அங்கே கொண்டுவந்தவன் கௌசிக். சென்னைக்காரன். அரங்கத்தில் அவனுக்குப் பயிற்சியாளர் என்று பெயர். ஆட்டக்காரர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் கொள்ளிக்கட்டை என்பார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவளைத் தேடி அவன் கேன்டீனுக்கே வந்தான். மேஜைமேல் ஒரு பட்டையை எடுத்து வைத்தான். பிடரியில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை.

“இத போட்டுக்கிட்டா உங்க மனசுல எவ்ளோ இருக்கோ அவ்ளோ நீளத்துக்கு வாள் வரும் மேடம். கனல்வாள்னு பேரு. அரக்கனோட மத்த சாமானெல்லாம், கேடயம், சங்கு, பறக்கற செருப்பு, அதெல்லாம் பாயிண்ட் சேர்த்து வாங்கலாம். வாள மட்டும் வாங்க முடியாது.”

“கோவப்பட்டா வருமா?”

“கோவம் அஞ்சு நிமிஷத்துல அடங்கிடும். அதுக்கு ஒரு பேனாக்கத்தி கூட வராது. வன்மம் வேணும். உள்ள ஊறிப்போனது.”

“நடிச்சா?”

“சினிமாக்காரங்க வந்து பார்த்தாங்க. ஒரு சாண் வரல.”

கொரற்றி பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். “யாரு மேலன்னு இதுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாது மேடம். எவ்ளோன்னுதான் தெரியும். யாரு மேலங்கறது உங்க விஷயம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “பலவேசம் ஒத்துக்கிட்டாரு.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் டீயைத் தள்ளி வைத்தாள், பட்டையைக் கீழே வைக்கவில்லை. கௌசிக் அதைக் கவனித்தான். அன்றைக்கே அவன் வேலை பாதி முடிந்துவிட்டது.

பலவேசம் டிரெய்லர் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், துறைமுகத்துக் கன்டெய்னர் பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் வண்டியைப் பின்னோக்கி எடுத்தபோது பின்சக்கரம் ஒருவன்மேல் ஏறியது. அவன் கொரற்றியின் தம்பி கஸ்பார், அங்கேயே வேலை பார்த்தவன். அதே நேரத்தில் அவள் அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கிரேன் கூண்டில் உயரத்தில் உட்கார்ந்து, கயிற்றில் தொங்கிய ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். வேலை முடித்து இறங்கி வந்தபோது கஸ்பாரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

விபத்து நடக்கும். துறைமுகத்தில் வேலை செய்கிற யாருக்கும் அது தெரியும். வண்டி ஏறியதை அவள் மன்னித்திருப்பாளோ என்னவோ. ஆனால் பலவேசத்தின் கையில் வாக்கி டாக்கி இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும், ஆம்புலன்ஸ் வந்திருக்கும். அவன் அழுத்தவில்லை. கத்தவும் இல்லை. தற்செயலாக அந்தப் பக்கம் போன ஒருவர் பார்க்கும்வரை கஸ்பார் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஏன் என்று கோர்ட்டில் வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேண்டுமென்று செய்ததற்குச் சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன். கொரற்றியின் வாளுக்கு அந்த ஒரு நினைப்பு போதுமாக இருந்தது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் கௌசிக் அவளை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவான். “கண்ண மூடிக்கோங்க மேடம். அந்த நாளுக்குப் போங்க. மழை. சக்கரம். உங்க தம்பி வாயத் தொறந்து கூப்பிடறாரு. பக்கத்துல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்.” அவள் பார்க்காத காட்சியை அவன் வார்த்தை வார்த்தையாகக் கட்டிக் கொடுத்தான். நாளடைவில் அது அவளே கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் காலையில் அவள் அம்மா ரெஜினா நண்டைக் கழுவிக்கொண்டே தனக்குத்தானே சிரித்தாள்.

“என்னம்மா?”

“கஸ்பார் ஒன் டிபன் டப்பாவுல உசுரு நண்ட வச்சு அனுப்பினாம்லா. கான்வென்ட்டுல ஒரே கூப்பாடு. அன்னைக்கு சாயங்காலம் ஒன்ன என்னமா கெஞ்சினான். எப்பிடிக் கெஞ்சினாம்னு செஞ்சு காட்டு பாப்போம். நீ அவன மாதிரியே பேசுவியே.”

கொரற்றி வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. தம்பியின் குரல் எப்படி இருக்கும் என்று தேடிப் பார்த்தாள். சக்கரம் வந்தது. மழை வந்தது. வெள்ளைத் துணி வந்தது. டிபன் டப்பாவும் நண்டும் யாரோ சொன்ன கதை மாதிரி தூரத்தில் நின்றன.

“நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அன்றைக்கு சாயங்காலம் ஆட்டம் முடிந்து நடைவழியில் பலவேசம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயசு. அதற்குள் தோள்கள் கூனிவிட்டன. அவனோடு அவள் அதுவரை பேசியதே இல்லை. நேராகப் போய் முன்னால் நின்றாள்.

“ஏல, எதுக்குல வாள எடுக்க மாட்டுக்க?”

“வரல தங்கச்சி.”

“என்னய அப்பிடிக் கூப்பிடாத.”

“சரி, கூப்பிடல. எனக்கு ஒம்மேல ஒண்ணும் இல்ல. இல்லாதது எப்பிடி வரும்?”

“அப்பொறம் எதுக்கு வாரே?”

பலவேசம் பாட்டிலை மூடினான். “வெட்ட வெட்ட ஒனக்கு ஆறிரும்னு சொன்னாங்க. அதான் வாரேன். வெட்டிக்கோ. எனக்கு வேற என்ன குடுக்கத் தெரியும்?”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாளும் தான் அவனை வெட்டியதாக நினைத்திருந்தாள். அவனானால் பிச்சைக்காரிக்குப் போடுகிற மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் காறித் துப்பினாள். எச்சில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் காலை நகர்த்தக்கூட இல்லை.

கௌசிக் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்தான்.

“கூட்டம் குறையுது மேடம். ஒருத்தர் வெட்டறாங்க, ஒருத்தர் வாங்கிக்கறாருன்னா அது ஆட்டம் இல்ல, கசாப்புக் கடை. அவருக்கும் உங்க மேல வன்மம் வரணும்.”

“அவந்தான் கல்லு மாதிரி கெடக்கானே.”

“அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு. செண்பகம்னு பேரு. மூணாங்கிளாஸ்.”

அதற்கு மேல் அவன் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் பாதி இருக்கைகள் காலி. மணி அடித்தது. சிவப்பு அரக்கன் வாளை உருவினான். சாம்பல் அரக்கன் வழக்கம்போல வெறும் பிடியோடு நின்றான். கொரற்றி வெட்டவில்லை. கூண்டில் இருந்த ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள்.

“ஏல பலவேசம். ஒம் மவ செண்பகம் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான போறா?”

சாம்பல் அரக்கனின் தலை நிமிர்ந்தது.

“ஒரு நா அவளும் டயருக்கு அடியில கெடப்பா. கெடந்து ‘அப்பா அப்பா’ன்னு கூப்பிடுவா. நீ பக்கத்துல உக்காந்திருப்ப. ஒங் கையில வாக்கி இருக்கும். அன்னைக்கும் இதே மாதிரி வாயப் பொத்திக்கிட்டு இருலே, பாப்போம்.”

முன்வரிசையில் ஒரு பெண் “ஐயையோ, பச்சப் புள்ளைய...” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் தீக்குச்சி உரசின மாதிரி ஒரு பொறி. சாம்பல் அரக்கனின் கையில், பிடிக்கு மேலே. பிறகு ஒரு முழம். பிறகு ஓர் ஆள் உயரம். நீல நிறத்தில் அது ஓசையில்லாமல் ஏறிக்கொண்டே போனது. கூட்டம் கத்த ஆரம்பித்தது. கொரற்றி அண்ணாந்து பார்த்தாள். அது கிடங்கின் கூரையைத் தொட்டு, வளைந்து, அதற்கு மேலும் வளர இடம் தேடியது. பயம் வந்தால் வன்மம் தங்காது என்று கௌசிக் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய வாள் பாதியாகச் சுருங்கியது.

பலவேசம் வெட்டிய வெட்டில் அவளுக்கு இடது தோளிலிருந்து இடுப்புவரை நெருப்பைக் கொட்டின மாதிரி இருந்தது. அவள் விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. நடுவர் மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை வெட்டினான்.

பட்டையைக் கழற்றும்போது அவள் உதடு சிரித்தது. அவனைக் கீழே இழுத்துவிட்டோம், அவனும் தன்னைப் போலத்தான், அவனும் ஒன்றும் பெரிய மனுஷன் இல்லை. அந்தச் சந்தோஷம் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரைகூட நிலைக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் போட்ட சாபம் ஊரெல்லாம் ஒலித்தது. அரங்கத்து விளம்பரத்தில் அவள் குரல். ஆட்டோக்காரன் போனில் அவள் குரல். “வாயப் பொத்திக்கிட்டு இருலே, பாப்போம்” என்று டீக்கடையில் ஒருவனை ஒருவன் கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் கிடைக்காமல் ஜனம் வெளியே திரையில் நின்று பார்த்தது. கூட்டம் இப்போது “டயரு! டயரு!” என்றுதான் கத்தியது. பலவேசம் வாராவாரம் ஜெயித்தான். அவனுக்கு ரசிகர்கள் வந்தார்கள். அவன் படத்தைப் பனியனில் போட்டுக்கொண்டார்கள். கூன் நிமிர்ந்துவிட்டது.

கொரற்றியின் வாள் வாரத்துக்கு வாரம் குட்டையானது. அறையில் உட்கார்ந்து கௌசிக் என்ன சொன்னாலும், மழையும் சக்கரமும் வந்து நின்ற இடத்தில் அவள் குரலே வந்து நின்றது.

ஒருநாள் காலையில் அவள் பலவேசம் குடியிருக்கும் தெருவுக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. பள்ளிக்கூடம் போகிற நேரம். வீட்டுப் படியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பலவேசத்தின் மனைவி பேச்சியம்மாள். இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாள். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கியிருந்தாள், ஆனால் பிள்ளையின் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. பள்ளிக்கூடச் சீருடை. முகத்தை அம்மாவின் கழுத்துக்குள் புதைத்துக் கண்ணை இறுக்க மூடியிருந்தது.

சாலையோரத்தில் அவர்கள் நின்றபோது ஒரு சரக்கு ஆட்டோ கடந்து போனது. பெரிய வண்டிகூட இல்லை. பிள்ளை வீறிட்டது. பேச்சியம்மாளின் சேலையை நனைத்து, மூத்திரம் காலோடு வழிந்தது. அவள் திட்டவில்லை. பழகிப்போனவள் மாதிரி திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். அப்போதுதான் எதிரே நின்ற கொரற்றியைக் கண்டாள்.

“பாத்துட்டியா?” என்றாள். “நல்லாப் பாத்துக்கோ. பள்ளிக்கூடத்துல பொம்மக் கார உருட்டி விட்டு வெளாடுதானுவ, இவ முன்னால.”

“நான்...”

“பேசாத. பேசி முடிச்சதுலாம் போதும்.” பேச்சியம்மாள் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டாள். “முன்னால அவரு வீட்டுக்கு வந்து அழுவாரு. ஒன் தம்பி பேரச் சொல்லி அழுவாரு. சோறு எறங்காது. எனக்கு அது புடிக்காது. இப்ப அழுவ மாட்டுக்காரு. இந்தப் புள்ளயத் தூக்கக்கூட மாட்டுக்காரு. ஞாயித்துக்கெழம எப்ப வரும்னு செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு. அந்த அழுவுத மனுசன் எங்க போனாருன்னு தேடிக்கிட்டு இருக்கேன். போ. இன்னொரு தடவ இந்தத் தெருவுல ஒன்னப் பாத்தேன்னா கொதிக்க கொதிக்க ஊத்திருவேன்.”

கொரற்றி நேராக அரங்கத்துக்குப் போனாள். கௌசிக் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“அந்த ஒலிபரப்ப நிப்பாட்டுங்க. அந்தப் புள்ள தெருவுல எறங்க மாட்டுக்கு.”

“அது இனிமே நம்ம கையில இல்ல மேடம். ஜனங்க கையில.”

“நான் சொன்ன வார்த்த அது. எனக்கு வேண்டாம்னு சொல்லுதேன்.”

“வார்த்தை உங்களுது. ஒலி எங்களுது.” அவன் நாற்காலியைத் திருப்பினான். முகத்தில் கோபமோ கேலியோ இல்லை, உண்மையிலேயே கவலைப்பட்டான். “உங்க வாள் போன வாரம் என்ன நீளம் தெரியுமா? வெண்டைக்கா அளவு. இந்த வாரம் அதுவும் வரலன்னா உங்க எடத்துல வேற யாரையாவது ஏத்துவேன். பலவேசத்தப் புடிக்காதவங்க இப்ப ஊர்ல நெறைய பேரு இருக்காங்க. நீங்க உருவாக்கிக் குடுத்த ஆளு.”

அவள் அப்போதே விலகியிருக்கலாம். விலகவில்லை. பலவேசத்துக்கு எதிரே ஒருதரம், வெறும் பிடியோடு போய் நிற்கவேண்டும் என்று தோன்றியது. அவன் வெட்டட்டும். அவன் ஒருகாலத்தில் தன்னிடம் கொண்டுவந்ததை, தான் காறித் துப்பியதை, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. மணி அடித்ததும் நீல வாள் கூரைவரை எழும்பியது. சிவப்பு அரக்கனின் கையில் பிடி மட்டும் இருந்தது.

“வாள எடுட்டி” என்று பலவேசத்தின் குரல் வந்தது.

“வரல.”

முதல் வெட்டு தொடையில் விழுந்தது. கொரற்றி இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கேடயத்தைத் தூக்கவில்லை. இரண்டாவது வெட்டு விலாவில். கூட்டம் ஊளையிட்டது. “எடு! எடு!” என்று கத்தினார்கள். யாரோ வீசிய கூல்டிரிங்ஸ் பாட்டில் அவள் கூண்டின் ஏணியில் மோதி உடைந்தது.

“எனக்கு என்ன பிச்ச போட வந்தியா?” பலவேசம் மூச்சிரைத்தான். “எடுட்டி!”

“எனக்கு ஒங்க மேல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி.”

அந்த ‘அண்ணாச்சி’ என்ற சொல் அவனை என்னவோ செய்தது. நீல வாள் ஒருகணம் நடுங்கியது. பிறகு முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது.

“இல்லியா? சரி. வர வைக்கேன்.” அவன் குரல் அமைதியானது. அதுதான் பயமாக இருந்தது. “ஒன் தம்பி ஒடனே சாவல. தெரியுமாட்டி ஒனக்கு?”

கொரற்றி ஒலிபெருக்கியின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“காலு மட்டும் மாட்டிருக்குன்னுதான் நெனச்சான். நானும் அப்பிடித்தான் நெனச்சேன். சிரிச்சாம்ட்டி. ‘அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேரு வேலயும் இன்னையோட போச்சு’ன்னு சிரிச்சான். நான் வாக்கிய எடுத்தேன். எங் கையப் புடிச்சுக்கிட்டான். ‘அதுல சொல்லாதிய. எங்கக்கா மேல கிரேன்ல இருக்கா. அவளுக்கும் கேக்கும். கேட்டா பதறிட்டு எறங்குவா. மழையில ஏணி வழுக்குது, விழுந்துருவா. பெட்டிய எறக்கி வச்சிட்டு அவளா மெதுவா எறங்கட்டும்’னான். கைய விடல. யாராவது அந்தப் பக்கம் வருவாங்க, சாடை காட்டிக் கூப்பிடுவோம்னு ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். உள்ள ரத்தம் போய்க்கிட்டு இருந்தது எனக்குத் தெரியல. அவனுக்கும் தெரியல.”

கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது.

“கோர்ட்டுல கேட்டாங்க. சொல்லல. சொன்னா நீ எப்பிடி உசுரோட இருப்பன்னு சொல்லல. எம் பொண்டாட்டிட்ட சொல்லல. இப்ப சொல்லுதேன். ஒனக்காவச் செத்தான். ஒன்னாலதான் செத்தான். இப்ப எடு வாள!”

சிவப்பு அரக்கனின் கையில் பொறி பிறந்தது.

“வருது!” என்று அவள் காதுக் கருவிக்குள் கௌசிக் அலறினான். “வருது மேடம், விடாதீங்க!” அது வந்தது. முழம், ஆள் உயரம், பனை உயரம். நீல வாளைத் தாண்டியது. கூரையை ஊடுருவி வெளியே போனது. அரங்கம் கண்டிராத நீளம். ஜனம் பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தது. பட்டைக்கு எவ்வளவு என்றுதான் தெரியும், யார்மேல் என்று தெரியாது. கொரற்றிக்குத் தெரிந்தது. எதிரே நிற்பவன்மேல் அதில் ஒரு துளியும் இல்லை. முழுக்க அவள்மேலேயே.

அந்த வாளைப் பிடித்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ. காதுக்குள் கௌசிக் கத்திக்கொண்டிருந்தான். அவளுக்கு அது கேட்கவில்லை. வேறொரு குரல் கேட்டது. கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். அக்கா என்பதில் கடைசி எழுத்தை இழுக்கிற குரல். டிபன் டப்பாவில் நண்டு வைத்துவிட்டு, ‘அம்மாட்ட சொல்லாதக்கா, நாளைக்கு ஒன் பையயும் நான் தூக்குதேன்க்கா’ என்று பின்னாலேயே வந்த குரல். எத்தனையோ மாதமாகத் தேடியும் கிடைக்காத குரல். அது இப்போது, அவளைக் கொல்லுவதற்கென்று ஒருவன் வீசிய வார்த்தைகளுக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

அவளா மெதுவா எறங்கட்டும்.

கொரற்றி பிடரிக்குக் கையைக் கொண்டுபோய்ப் பட்டையை உரித்தாள். தோலோடு ஒட்டியிருந்தது, எரிந்தது. சிவப்பு அரக்கன் வாளோடு சேர்ந்து அணைந்தான். காதுக் கருவியையும் கழற்றி இருக்கையில் வைத்தாள்.

கூண்டின் கதவைத் திறந்ததும் கூட்டத்தின் கூச்சல் காற்று மாதிரி முகத்தில் அடித்தது. “ஏமாத்துக்காரி!” “ஏறுட்டி மேல!” செருப்பு ஒன்று பறந்து வந்து தூணில் பட்டது. ஒரு தண்ணீர்ப் பாட்டில் அவள் முதுகில் பட்டு விழுந்தது. கீழே கௌசிக் இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். உடைந்த பாட்டிலிலிருந்து வழிந்த கூல்டிரிங்ஸ் ஏணியின் கம்பிகளில் பிசுபிசுத்துச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி நின்று, ஏணியை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு காலைக் கீழே வைத்து, அது ஊன்றிவிட்டதா என்று பார்த்துவிட்டு, அடுத்த காலை எடுத்தாள்.

எதிர்க் கூண்டிலிருந்து பலவேசம் கத்தினான். “ஏட்டி! எங்கட்டி போற! ஏறி வா! ஏறி வந்து வெட்டு!” ஒலிபெருக்கியில் அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோனது. மூச்சு மட்டும் கேட்டது.

அவன் வாள் இப்போது எவ்வளவு நீளம் இருக்கிறது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்த கையைத் தளர்த்தாமல், கால் வைக்கவேண்டிய அடுத்த படியை மட்டும் பார்த்துப் பார்த்து மெதுவாக இறங்கினாள்.